ஹெல்மெட்டுக்குள் தொப்பி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சைக்கிள் ஹெல்மெட்டுக்கு அடியில் தொப்பி போடலாமா என்று கேட்டால் பாதிப் பேர் தாராளமாகப் போடலாம் என்பார்கள். மீதிப் பேர் கூடவே கூடாது என்பார்கள். இரண்டு தரப்பும் ஆளுக்கொரு தொப்பியை மனதில் வைத்துக்கொண்டு பேசுவதால்தான் இந்தக் குழப்பம். பல வருடங்களாகத் தொப்பியோடு ஓட்டுகிறவன் நான். கூட ஓட்டுகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். போடலாமா, கூடாதா?

தொப்பி மெல்லிய துணியாக இருக்க வேண்டும். தலைக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே கெட்டியான எதுவும் மாட்டக்கூடாது. வெறும் தலையில் ஹெல்மெட் எந்த இடத்தில் உட்கார்ந்ததோ, தொப்பி போட்ட பிறகும் அதே இடத்தில் உட்கார வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் போடலாம். ஒன்று தவறினாலும் தொப்பியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தொப்பியைச் சொல்கிறீர்கள்?

சைக்கிள் ஓட்டுவதற்கென்றே தைக்கிற தொப்பி ஒன்று உண்டு. மெல்லிய பருத்தித் துணியை மூன்று அல்லது நான்கு துண்டாக வெட்டி, தையல் தடிக்காமல் இணைத்திருப்பார்கள். முன்னால் நீளும் மடல் குட்டையானது, உள்ளங்கை அகலம்கூட வராது. பின்னால் ஒரு எலாஸ்டிக். உச்சியில் ஒன்றும் இருக்காது. நான்காக மடித்துச் சட்டைப் பையில் சொருகலாம். கையில் எடுத்துப் பார்த்தால் இதற்கா இவ்வளவு விலை என்று தோன்றும். ஹெல்மெட்டுக்குள் போட அந்த ஒன்றுமில்லாத தன்மைதான் வேண்டும்.

என்னிடம் பேஸ்பால் கேப் இருக்கிறதே, அதைப் போட்டால் என்ன?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் நானே அந்தத் தப்பைச் செய்தவன். சைக்கிள் வாங்கிய புதிதில் வீட்டில் கிடந்த ஒரு கேப்பை மாட்டி, அதன் மேல் ஹெல்மெட்டை அழுத்திக்கொண்டு கிளம்பினேன். முக்கால் மணி நேரத்தில் உச்சந்தலையில் யாரோ விரலால் குத்திக்கொண்டே இருப்பது போல வலி. கழற்றிப் பார்த்தால் கேப்பின் உச்சியில் துணி சுற்றிய ஒரு பொத்தான். கையால் தொட்டால் சுண்டைக்காய் அளவுதான். ஹெல்மெட் அதைத் தலைக்குள் அழுத்திக்கொண்டே வந்திருக்கிறது. சும்மா ஓட்டும்போதே இப்படியென்றால், விழுந்து அடிபடும் நேரத்தில் மொத்த அழுத்தமும் அந்த ஒரு புள்ளியில் இறங்கும்.

பொத்தானை அறுத்துவிட்டால் சரியாகிவிடுமா என்று அடுத்த கேள்வி வரும். ஆகாது. மடல் பாக்கி இருக்கிறது. பேஸ்பால் கேப்பின் மடல் நீளமானது, விறைப்பானது. மடல் தொப்பியோடு சேரும் இடம் தடித்திருக்கும். ஹெல்மெட்டின் முன் ஓரம் அந்தத் தடிப்பில் முட்டி மேலே ஏறும், பிறகு மெல்லப் பின்னால் சரியும். நெற்றி திறந்துகொள்ளும். முன்பக்கமாக விழுகிறவருக்கு முதலில் தரையில் படுவது அந்த நெற்றிதான். பின்பக்கம் அளவு மாற்றும் பிளாஸ்டிக் பட்டை இருந்தால் அதுவும் ஹெல்மெட்டைத் தலைக்கு இறுக்கும் திருகு இருக்கும் இடத்தில் சரியாக வந்து மோதும். கேப்பைத் திருப்பிப் போட்டால் பிரச்சினை நெற்றியிலிருந்து பிடரிக்குப் போகும், அவ்வளவுதான்.

கூடுதலாக ஒரு துணி இருந்தால் கூடுதல் பாதுகாப்புதானே?

இல்லை. ஹெல்மெட்டில் அடியை வாங்குவது மேலே பளபளக்கும் ஓடு இல்லை, உள்ளே இருக்கும் மெத்தையும் இல்லை. நடுவில் இருக்கும் தெர்மாகோல்தான். பொருட்களைப் பொதிய வருகிற தெர்மாகோலின் இறுக்கமான வகை அது. தலை மோதும்போது நசுங்கி, மோதலின் வேகத்தைத் தன்னில் வாங்கிக்கொள்ளும். ஐரோப்பாவின் இஎன் 1078 தரத்தில், தலை வடிவப் பொம்மைக்கு ஹெல்மெட்டை மாட்டித் தட்டையான இரும்பின் மேல் நொடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில் மோத விடுகிறார்கள். ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற வேகம், அதாவது மணிக்குச் சுமார் 19.5 கிலோமீட்டர். அந்த மோதலில் பொம்மைத் தலை உணரும் அதிர்வு புவியீர்ப்பைப் போல 250 மடங்கைத் தாண்டக்கூடாது. இந்தக் கணக்கில் அரை மில்லிமீட்டர் பருத்தித் துணி ஒரு பொருட்டே இல்லை. நன்மையும் செய்யாது, கெடுதலும் செய்யாது. கெடுதல் எல்லாம் ஹெல்மெட் இடம் மாறுவதால் வருவது.

தடிமன் அவ்வளவு பெரிய விஷயமா? ஒரு குல்லாய் எவ்வளவு தடித்துவிடப் போகிறது?

பள்ளிக் கணக்குதான், போட்டுப் பார்ப்போம். தலையைச் சுற்றி ஒரு துணியைச் சுற்றினால், துணியின் தடிமனைப் போல ஆறு மடங்குக்குக் கொஞ்சம் மேலே தலையின் சுற்றளவு கூடும். அதாவது இரண்டு பை (2π) மடங்கு. அரை மில்லிமீட்டர் பருத்திக்கு 3 மில்லிமீட்டர் கூடுகிறது. பின்னால் இருக்கும் திருகை ஒரு கிளிக் தளர்த்தினால் முடிந்தது. 4 மில்லிமீட்டர் கம்பளிக் குல்லாய் என்றால் 25 மில்லிமீட்டர், இரண்டரை சென்டிமீட்டர். ஓரத்தை மடித்துவிட்ட குல்லாய் என்றால் அந்த மடிப்பில் மட்டும் 5 சென்டிமீட்டர். ஒரு ஹெல்மெட் அளவு தாங்குகிற வித்தியாசமே மொத்தம் நான்கைந்து சென்டிமீட்டர்தான். 55 முதல் 59 என்று எழுதிய ஹெல்மெட்டில், 57 சென்டிமீட்டர் தலைக்கு மேல் மடித்த குல்லாய் போட்டால் அந்த ஹெல்மெட் உங்களுக்குச் சின்னது என்று அர்த்தம். சின்ன ஹெல்மெட் தலையில் இறங்காது. உச்சியில் கிண்ணம் கவிழ்த்தது போல நிற்கும்.

சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் தொப்பி இல்லாமல் ஹெல்மெட்டைப் போடுங்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் வையுங்கள், ஹெல்மெட்டின் ஓரம் அதற்கு மேலே தொட்டபடி இருக்க வேண்டும். இப்போது தொப்பியைப் போட்டு, மேலே ஹெல்மெட்டை வைத்து, மறுபடி இரண்டு விரல். மூன்றாவது விரலுக்கு இடம் கிடைத்தால் ஹெல்மெட் ஏறிவிட்டது.

அப்புறம் ஆட்டிப் பார்க்க வேண்டும். தாடை வாரை மாட்டாமல், பின்னால் இருக்கும் திருகை மட்டும் இறுக்கிக்கொண்டு, குனிந்து தலையை இடமும் வலமும் ஆட்டுங்கள். கழன்று விழக்கூடாது. பிறகு வாரை மாட்டி, உள்ளங்கையால் ஹெல்மெட்டின் முன் ஓரத்தை மேலே தள்ளுங்கள். நெற்றித் தோலும் சேர்ந்து நகர்ந்தால் பிடிமானம் நன்றாக இருக்கிறது. தோல் அப்படியே இருக்க, துணியின் மேல் ஹெல்மெட் மட்டும் வழுக்கிக்கொண்டு போனால் அந்தத் துணி வேண்டாம். வழவழப்பான நைலான் தொப்பிகளில் இப்படி நடக்கும்.

காதுக்குக் கீழே இரண்டு வார்களும் ஆங்கில வி எழுத்து போலச் சேர வேண்டும், தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும் என்பதெல்லாம் தொப்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

தொப்பி போட்டு ஒரு நாள், போடாமல் ஒரு நாள் ஓட்டலாமா?

ஓட்டலாம். கிளம்பும் முன் ஒவ்வொரு முறையும் திருகைச் சரிசெய்ய வேண்டும். நேற்றுத் தொப்பிக்காகத் தளர்த்திய ஹெல்மெட்டை இன்று வெறும் தலையில் அப்படியே மாட்டிக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். தொப்பியால் வரும் ஆபத்தில் பாதி, தொப்பி போடாத நாளில் வருகிறது என்பேன்.

வியர்வைக்குத் தொப்பி உதவுமா? தலை இன்னும் சூடாகாதா?

இரண்டுக்குமே ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். ஹெல்மெட்டின் நெற்றிப் பக்கம் ஒரு சின்ன மெத்தை ஒட்டியிருக்கும். மேட்டில் ஏறும்போது அது வியர்வையைக் குடித்துக்கொண்டே இருக்கும், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. மேலே போய் நின்று, ஹெல்மெட்டைச் சரி செய்யலாம் என்று முன்பக்கத்தைக் கையால் ஒரு அழுத்து அழுத்துங்கள். பிழிந்த துணி போல மொத்தமும் புருவம் வழியாகக் கண்ணுக்குள் இறங்கும். கூடவே முகத்தில் பூசிய சன்ஸ்கிரீனும். நின்ற இடத்தில் என்றால் துடைத்துக்கொள்ளலாம். இறக்கத்தில், இரண்டு கையும் பிரேக்கில் இருக்கும்போது, கல் தட்டி ஹெல்மெட் குலுங்கி இது நடந்தால் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் வளைவைத் தாண்ட வேண்டும். நான் தொப்பிக்கு மாறியது அப்படி ஒரு இறக்கத்துக்குப் பிறகுதான். தொப்பி இருந்தால் வியர்வை துணி முழுக்கப் பரவுகிறது. மிஞ்சுவது மடலின் நுனிக்கு வந்து, கண்ணுக்கு முன்னால் சொட்டுச் சொட்டாக விழுகிறது. பார்க்க அசிங்கமாக இருக்கும், எரிச்சல் இருக்காது.

இனி கெட்டது. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. வறண்ட காற்றில் நனைந்த பருத்தித் தொப்பி மண்பானை போல வேலை செய்யும். கிளம்பும்போதே தண்ணீரில் நனைத்துப் போடுகிறவர்களும் உண்டு. காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருந்தால் எதுவும் ஆவியாகாது, தொப்பி வெறும் ஈரத்துணியாகத் தலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். மெதுவாக மேடேறும்போது காற்றும் வராது. அந்த மாதிரி நாட்களில் தொப்பியைக் கழற்றிவிட்டு, நெற்றியில் மட்டும் மெல்லிய பட்டை கட்டுவதே மேல். பட்டைக்கும் இரண்டு விரல் கணக்கு உண்டு.

வழுக்கைத் தலைக்குத் தொப்பி அவசியமா?

வெயிலில் ஓட்டினால், ஆம். ஹெல்மெட்டின் காற்றுத் துளைகள் வழியாக வெயில் நேராகத் தலையில் விழும். ஒரு முழு நாள் ஓட்டிவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினால் துளைகளின் வடிவம் அப்படியே சிவப்புக் கோடாகத் தலையில் பதிந்திருக்கும். நண்பர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், உங்களுக்கு இரண்டு நாள் எரியும். முடி மெலிந்தவர்களுக்கும் வகிடு எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

அந்தத் துளைகள் வழியாகத் தேனீயும் வரும். வேகமாகப் போகும்போது உள்ளே புகுந்த தேனீக்கு வெளியே போக வழி தெரியாது. தொப்பி இருந்தால் அது கொட்டுவதற்குள் வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றக் கொஞ்ச நேரம் கிடைக்கும்.

மடலை மேலே தூக்கிவிடுவதா, கீழே இறக்குவதா?

எதிர் வெயிலிலும் மழையிலும் இறக்குங்கள். மழையில் இந்தக் குட்டை மடலின் அருமை தெரியும், முக்கியமாகக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு. துளிகள் கண்ணாடியில் நேராக அடிக்காது.

மற்ற நேரம் தூக்கிவிடுவதே நல்லது. நாற்காலியில் உட்கார்ந்து, பந்தய சைக்கிளின் கீழ் ஹேண்டிலைப் பிடிப்பது போலக் குனிந்து, மடலை இறக்கி ஒருமுறை நேரே பாருங்கள். சக்கரத்துக்கு முன்னால் கொஞ்சம் தரை தெரியும், அதற்கு மேல் துணிதான். சிக்னலும் திரும்புகிற லாரியும் அந்தத் துணிக்குப் பின்னால் இருக்கும். கழுத்தை நிமிர்த்திப் பார்க்கலாம்தான், ஒரு மணி நேரத்தில் கழுத்து வேண்டாம் என்று சொல்லிவிடும்.

பழைய பந்தய வீரர்கள் வெறும் தொப்பியோடுதானே ஓட்டினார்கள்?

ஆமாம். பல பத்தாண்டுகள் அதுதான் அவர்கள் சீருடை. வெயிலுக்கும் மழைக்கும் தொப்பி, அதில் ஸ்பான்சர் பெயர். சிலர் தோல் பட்டைகளுக்குள் பஞ்சடைத்த, வலை போன்ற ஒன்றைத் தொப்பிக்கு மேல் மாட்டிக்கொள்வார்கள். இத்தாலிய வீரர் மார்கோ பந்தானி தலையில் துணி கட்டிக்கொண்டு ஓட்டியதால்தான் அவருக்குக் கடற்கொள்ளையன் என்று பட்டப்பெயர் வந்தது. 1998-ல் இத்தாலியச் சுற்று (ஜிரோ டி இத்தாலியா), பிரெஞ்சுச் சுற்று (டூர் டி பிரான்ஸ்) என்ற இரண்டு பெரிய பந்தயங்களையும் வென்றது அப்படித்தான்.

1991-ல் உலக சைக்கிள் சங்கம் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கப் பார்த்தபோது வீரர்களே போராடித் தடுத்தார்கள். 1995 பிரெஞ்சுச் சுற்றில் இத்தாலிய வீரர் ஃபாபியோ கசார்டெல்லி ஒரு இறக்கத்தில் விழுந்து இறந்தார், தலையில் ஹெல்மெட் இல்லை. அப்போதும் விதி மாறவில்லை. 2003 மார்ச்சில் பாரிஸ்–நீஸ் போட்டியில் கஜகஸ்தான் வீரர் ஆந்திரே கிவிலெவ் ஹெல்மெட் இல்லாமல் விழுந்து இறந்த பிறகு, அதே ஆண்டு மே மாதம் கட்டாயமானது. ஆரம்பத்தில் கடைசி ஏற்றத்தில் மட்டும் கழற்றிக்கொள்ள அனுமதி இருந்தது, பிறகு அதுவும் போனது. தொப்பி மட்டும் விடைபெறவில்லை. ஹெல்மெட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

குளிரில் காது உறைகிறதே, கம்பளிக் குல்லாய் போடக்கூடாது என்றால் என்ன செய்வது?

ஹெல்மெட்டுக்குள் போடுவதற்கென்றே மெல்லிய குல்லாய் வருகிறது, காது மூடியோடு. மெரினோ கம்பளியில் வருவது நல்லது. ஈரமானாலும் சூடு தாங்கும், சீக்கிரம் நாறாது. மங்கி குல்லாய் மெல்லியதாக இருந்தால் போடலாம். பின்னியதாக, உச்சியில் பஞ்சுப் பந்தோடு இருந்தால் அது நடைபயிற்சிக்கு. ஒன்றைக் கவனியுங்கள்: காதை மூடினாலும் பின்னால் வரும் வண்டிச் சத்தம் கேட்க வேண்டும்.

குளிர் ஒரு பக்கம் இருக்கட்டும், துளைகள் வழியாக அடிக்கும் காற்றைத் தடுத்தால் போதும் என்றால் ஹெல்மெட்டுக்கு மேலே மாட்டும் உறை போதும். உள்ளே எதையும் மாற்ற வேண்டியதில்லை.

மிப்ஸ் உள்ள ஹெல்மெட்டில் தொப்பி போட்டால் மிப்ஸ் வேலை செய்யாமல் போகுமா?

மிப்ஸ் என்பது ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் வழுக்கும் அடுக்கு. பலவற்றில் மஞ்சள் நிறத்தில் மெல்லிய பிளாஸ்டிக்காகத் தெரியும். சாய்வாக விழும்போது ஹெல்மெட் தலையைச் சுற்றி 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை நகர விட்டு, தலை திருகப்படுவதைக் குறைப்பது அதன் வேலை. அந்த நகர்வு அடுக்குக்கும் தெர்மாகோலுக்கும் இடையே நடக்கிறது. தொப்பி அதற்கு இந்தப் பக்கம் இருப்பதால் மெல்லிய துணி அதைத் தடுக்காது. அடுக்கின் விளிம்பில் மடிப்போ மடலின் தடிப்போ சிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். சில ஹெல்மெட்டுகளின் கையேட்டில் உள்ளே எதுவும் போடாதீர்கள் என்றே எழுதியிருக்கும். அப்படி இருந்தால் கையேடு சொல்வதுதான் சரி, நான் சொல்வது இல்லை.

நீளமான முடி, கொண்டை, ஹிஜாப், டர்பன்?

குதிரைவாலைப் பிடரியில் தாழ்வாகக் கட்டுங்கள். பின்னல் இன்னும் வசதி. சில தொப்பிகளில் குதிரைவாலுக்காகப் பின்னால் இடைவெளி விட்டிருப்பார்கள். உச்சிக் கொண்டை கூடாது. அது பேஸ்பால் கேப் பொத்தானின் பெரிய அக்கா. ஹேர்பின், கிளிப், வளைந்த பிளாஸ்டிக் பேண்ட் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

ஹிஜாபுக்கும் இதே விதிதான். ஒரே அடுக்காக, உடலோடு ஒட்டும் விளையாட்டு வகை என்றால் ஹெல்மெட் நன்றாகவே உட்காரும். ஊக்கு வேண்டாம், துணியின் முனைகளை உடைக்குள் சொருகிவிடுங்கள், சக்கரம் சுற்றும் இடத்தில் எதுவும் தொங்கக்கூடாது. முழு டர்பனுக்கு மேல் சாதாரண ஹெல்மெட் உட்காரவே உட்காராது. உச்சியில் முடிச்சு இருப்பவர்களுக்கு, அந்த இடத்தில் குவிவாகச் செய்த ஹெல்மெட் தேவை.

குழந்தையின் ஹெல்மெட் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. வளரும் வரை உள்ளே தொப்பி போட்டுச் சமாளிக்கலாமா?

வேண்டாம். அளவான ஹெல்மெட் வாங்குங்கள். செருப்பைப் பெரிதாக வாங்கலாம், சட்டையைப் பெரிதாக வாங்கலாம். ஹெல்மெட் இன்றைய தலைக்கு.

வாடகை சைக்கிளோடு தரும் ஹெல்மெட்டுக்கு?

இதற்காகவே ஒரு தொப்பி வைத்துக்கொள்ளலாம். யார் யார் தலையிலோ இருந்து வந்த மெத்தையில் நம் தலையை வைக்கும்போது நடுவே ஒரு சுத்தமான துணி இருப்பது நிம்மதி. வீட்டுக்கு வந்ததும் தொப்பியைத் துவைத்துவிடுங்கள்.

எப்படித் துவைப்பது?

கையால், குளிர்ந்த தண்ணீரில். வெந்நீரில் பருத்தி சுருங்கும், அடுத்த முறை தொப்பி காதுக்கு மேலேயே நின்றுவிடும். முறுக்கிப் பிழிந்தால் மடல் மடிந்துபோகும், இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து அழுத்துங்கள். பழைய தொப்பிகளில் மடலுக்குள் அட்டை இருக்கும், ஊறினால் கூழாகிவிடும். அந்த மாதிரித் தொப்பியில் மடலை வெளியே பிடித்துக்கொண்டு மற்ற இடத்தை மட்டும் அலசுங்கள். இப்போது வருபவற்றில் பெரும்பாலும் மெல்லிய பிளாஸ்டிக்தான். ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் மேல் காய வைத்தால் வடிவம் நிற்கும். துணியில் வெள்ளை வெள்ளையாக வரைபடம் போலத் தெரிவது வியர்வை உப்பு, அழுக்கு இல்லை. தண்ணீரிலேயே போய்விடும்.

தொப்பி துவைக்கும் நாளில் ஹெல்மெட்டின் மெத்தைகளையும் பிய்த்து அலசுங்கள். திரும்ப ஒட்டும்போது எது எங்கே இருந்தது என்று குழம்பாமல் இருக்க, பிய்ப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் பைக் ஹெல்மெட்டுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பாதிதான். அதில் கன்னத்தையும் சேர்த்துப் பிடிக்கும் மெத்தை இருப்பதால் மடல் வைத்த எதுவும் கூடாது. மெல்லிய, முழுத் தலையையும் மூடும் துணி மட்டும் சரிவரும்.

ஹெல்மெட்டுக்கு மேலே தொப்பி போட்டால்?

ஒரு நண்பர் உண்மையிலேயே கேட்டார். காற்றில் பறந்துவிடும்.